மாடு எங்களுடையது, புல் தோட்டத்துடையது

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைப் பக்கம் மாடு வைத்திருக்கும் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் பல, விடியற்காலையில் கறக்கும் பாலை ஏறத்தாழ முழுவதுமாகப் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, கடையில் பால்மா வாங்கித் தேநீர் போடுகின்றன. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இது வெறும் வரவு செலவுக் கணக்கு. பால் காசு மாதத்தில் ஒன்றிரண்டு தடவை மொத்தமாகக் கைக்கு வரும், அதில் பிள்ளையின் டியூஷன் காசையோ அடகு வைத்த நகையின் வட்டியையோ கட்டலாம். பால்மாவோ சின்னப் பக்கெட்டாகக் கடைக் கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கிடைக்கும். வீட்டுப் பாலை வீட்டிலேயே குடித்துவிட்டால் மாத முடிவில் கையில் காசு இருக்காது என்பதால், பசு நிற்கும் வீட்டுப் பிள்ளைகள் நியூசிலாந்திலிருந்து பால்மாவாக வரும் பாலில் வளர்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் தோட்டத்தில் இல்லை, கொழும்பில் இருந்தார்கள். பொருளாதாரச் சீர்திருத்தம் என்ற சொல் பத்திரிகையில் வரும்போதெல்லாம் தேயிலை விலை, சம்பளம், டொலர் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேச்சு நடக்கும். மாட்டுப்பட்டியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் அரசாங்கங்கள் எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவும் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் அந்த ஒற்றைப் பசுவை ஏதோ ஒரு விதத்தில் தொட்டே சென்றிருக்கிறது. மாடு வளர்த்துப் படிக்க வைத்த ஒரு தாயின் மகன் என்ற முறையிலும், இன்று எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையிலும் எனக்கு இதில் ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு: விலையைச் சரிசெய்தால் பால் உற்பத்தி பெருகும் என்று நினைத்துச் செய்யப்படும் எந்தச் சீர்திருத்தமும் மலையகத்தில் பாதி வழியில் நின்றுவிடும், ஏனென்றால் இங்கே மாட்டுக்குச் சொந்தக்காரருக்குப் புல் வளரும் நிலம் சொந்தமில்லை.

முதலில் விலையையே எடுத்துக்கொள்வோம். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கித் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய காலத்தை நான் பொற்காலமாகச் சொல்ல மாட்டேன். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கூப்பன் மாவுக்காக எங்கள் பாட்டிமார் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இறக்குமதி நிறுத்தத்தைத் தற்சார்பு என்று கொண்டாட முடியாது. கடைகளில் பொருள் வந்தபோது எங்கள் மக்களும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதே உண்மை. ஆனால் அந்தப் பொருள்களோடு சேர்ந்து பால்மாவும் தாராளமாக வந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் அது கெடாது, பாதை இல்லாத ஊருக்கும் போய்ச் சேரும், ஒரு கரண்டி போட்டால் தேநீரின் நிறம் மாறும். நகரம் முதலில் பழகியது, கிராமம் அடுத்துப் பழகியது, கடைசியில் மாடு வைத்திருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். உள்நாட்டில் பால் திரட்டிய தேசிய பாற்சபை 1980களில் கலைந்து கம்பனியாகி, இன்று மில்கோ என்ற பெயரில் ஹைலண்ட் பொருள்களைச் செய்கிறது. நாட்டின் பால் தேவையில் ஏறத்தாழ நாற்பது வீதத்தைத்தான் உள்நாட்டு உற்பத்தி இன்று நிறைவு செய்கிறது என்பது அரசாங்கங்கள் தாமாகவே திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கணக்கு.

பால்மாவின் விலை எப்படிப் பசும்பாலின் விலைக்குக் கூரையாக அமைகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். ஒரு லீற்றர் பால் கரைக்க ஏறத்தாழ 125 கிராம் முழு ஆடைப் பால்மா போதும். ஆகவே 400 கிராம் பக்கெட் ஒன்று மூன்று லீற்றருக்குச் சற்று மேலான பாலுக்குச் சமம். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பக்கெட்டின் விலையை 325 ரூபாவாகக் குறைத்தார்கள். அதே திட்டத்தில் விவசாயிக்குக் கொடுக்கும் பசும்பால் விலையை லீற்றர் 70 ரூபாவாகக் கூட்டுவதாகவும் அறிவித்தார்கள். பால்மாவில் கரைத்த ஒரு லீற்றர் நூறு ரூபா அளவில் கிடைக்கும்போது, விவசாயியிடம் 70 ரூபாவுக்கு வாங்கி, குளிரூட்டி, லொறியில் ஏற்றி, பதப்படுத்தி, போத்தலில் அடைத்துக் கொழும்புக் கடையில் வைக்கும் கம்பனிக்கு மிஞ்சுவது என்ன? ஒரே காகிதத்தில் இரண்டு பேரையும் சந்தோஷப்படுத்தப் பார்த்த திட்டம் அது. பால்மா மலிவாக இருக்கும்வரை பசும்பால் விலை ஏற முடியாது. பால்மா விலை ஏறினால் அரசாங்கம் நிலைக்க முடியாது. 1977 க்குப் பின்னர் வந்த எல்லா ஆட்சிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்ந்தன என்று கேட்டால், வாக்காளர்களில் பால் குடிப்பவர்களின் எண்ணிக்கையையும் பால் கறப்பவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் விலை மட்டுமே பிரச்சினை என்றால் மலையகத் தோட்டத்தின் கதையும் சொந்தக் காணி உள்ள வெலிமடைக் கிராமத்து விவசாயியின் கதையும் ஒன்றாகவே இருந்திருக்கும். அவை ஒன்றல்ல.

தோட்டத்துக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு பழையது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்கு எருத் தேவைப்பட்டது, பங்களாவுக்குப் பால் தேவைப்பட்டது. ஆகவே மாடு வளர்ப்பது சகிக்கப்பட்டது, சில இடங்களில் ஊக்குவிக்கப்பட்டது. அம்பேவெல, பட்டிப்பொல உயரங்களின் குளிருக்குப் பிரீஷியன், அயர்ஷயர், ஜேர்சி இனங்கள் நன்றாகப் பொருந்தின. சமவெளியின் நாட்டு மாடு ஒன்றிரண்டு லீற்றரோடு நின்றுவிடும்போது, கலப்பினப் பசு ஒன்று ஒழுங்கான தீனி கிடைத்தால் பத்து லீற்றருக்கு மேல் கறக்கும். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது உரிமையாளர் மாறினார், லயம் மாறவில்லை, மாட்டுப்பட்டியும் மாறவில்லை. யாருடைய நிலத்தில் புல் வெட்டுகிறோம் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. அரசாங்கத் தோட்டம், அரசாங்கப் புல், கேட்பார் இல்லை.

கேட்பார் வந்தது 1992 க்குப் பின்னர்தான். அந்த ஆண்டில் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கைமாறியது. பின்னர் பங்குகள் விற்கப்பட்டு, நிலம் 53 ஆண்டுக் குத்தகையில் அவர்கள் வசம் சென்றது. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை அளவு கூடியதையும், தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததையும், ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைக் காப்பகமும் கவனிப்பாரற்றுப் போனதையும் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் சரிதான். மாடு வைத்திருந்தவர்கள் கண்டது வேறொன்றையும் சேர்த்து. கம்பனி வந்ததும் ஒவ்வொரு ஹெக்டேயருக்கும் ஒரு கணக்கு வந்தது. விளைச்சல் குறைந்த தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் யூகலிப்டஸ் நடப்பட்டது. அதன் கீழே மாடு தின்னும் புல் முளைப்பது அரிது. மலையில் களை பிடுங்கக் கூலி கொடுப்பதைவிடக் களைநாசினி தெளிப்பது மலிவு என்பதால் வடிகான் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் மருந்து அடிக்கப்பட்டது. மருந்து அடித்த இடத்தில் புல்லறுத்தால் மாடு செத்துப்போகும் என்று பயந்து, எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு அரிவாளைத் தூக்கிப் போகும் நிலை வந்தது. 2015 இல் கிளைபோசேற் என்ற களைநாசினியைத் தடைசெய்தபோது கம்பனிகள் அழுததை நாடே கேட்டது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்காரர்களுக்கு அந்த மூன்று வருடமும் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்தது என்பதை எவரும் எழுதவில்லை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது மறுபடி அனுமதிக்கப்பட்டது.

குவாத்தமாலாப் புல்லின் கதை இதைவிடத் தெளிவானது. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு முன்னர், மண் தேறுவதற்காக ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்ப்பது தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை. ஆள் உயரத்துக்கு, அடர்த்தியாக, பச்சைப் பசேலென்று வளரும் அந்தப் புல் லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும். அதை வெட்டி அங்கேயே மண்ணில் மூடாக்காகப் போட வேண்டும் என்பது விதி. மண்ணுக்கு அதுதான் நல்லது என்பதும் உண்மை. மாட்டுக்கு வெட்டிக்கொண்டு போனால் தோட்டக் காவலாளியான வாச்சர் பிடித்து, உதவி முகாமையாளரான சின்னத்துரையிடம் கொண்டுபோய் நிறுத்துவார், எச்சரிக்கைக் கடிதம் வரும், சில வேளை வேலை நிறுத்தப்படும். தோட்டத்தின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, மாட்டுக்காரியின் பக்கத்தில் பசித்த மாடு இருக்கிறது. மண்ணைத் தேற்றும் திட்டம் வகுத்தவர்கள், நூறு குடும்பம் வாழும் இடத்தில் ஐம்பது மாடு நிற்கிறது என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தால், அரை ஏக்கரை மாட்டுப் புல்லுக்கென்று ஒதுக்கி இந்தத் திருட்டையே இல்லாமல் செய்திருக்கலாம்.

பெரிய கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு நாற்பது கிலோவுக்குக் குறையாமல் பச்சைப் புல் வேண்டும். அதாவது, தலையில் சுமக்கக்கூடிய கட்டு என்றால் இரண்டு கட்டு. எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். காலை நாலரைக்கு எழுந்து பட்டி கழுவி, பால் கறந்து, ஆறரைக்குள் பாலை நிலையத்தில் கொடுத்துவிட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறார். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்கைக் கூட அவிழ்க்காமல், தோட்ட எல்லைக்கு அப்பால் காட்டு ஓரத்துக்குப் போய்ப் புல்லறுக்கிறார். கினியாப் புல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல நாள் பற்றையும் கீரைத் தண்டும்தான். மழைக்காலத்தில் கட்டு நனைந்து கழுத்தை முறிக்கும், அட்டை காலில் ஏறும், எடைக் கணக்கில் பாதி தண்ணீர். ஒரு தடவை கால்நடைக் கடன் ஒன்றைப் பற்றிச் சொல்லி, இன்னொரு மாடு எடுக்கலாமே என்று நான் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, மாடு வாங்க லோன் குடுக்கிறாங்க சரி. புல்லு வாங்க யாரு லோன் குடுப்பா?"

நிலையத்தில் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலின் விலை லீற்றருக்கு இவ்வளவு என்று பத்திரிகையில் வரும் தொகை ஒருவர் கைக்கும் அப்படியே வருவதில்லை. கொழுப்பு எத்தனை வீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் எத்தனை வீதம் என்று பார்த்துத்தான் காசு. பச்சைப் புல் குறைந்து பற்றை கூடினால், புண்ணாக்கும் தவிடும் குறைந்தால், பாலின் அளவு மட்டுமல்ல இந்த வீதங்களும் குறைகின்றன. ஆகவே விலை கூட்டப்பட்டது என்ற அறிவிப்பின் முழுப் பலனையும் பெறுபவர் நல்ல தீனி போட வசதி உள்ளவர்; வசதியில்லாதவருக்கு அதே அறிவிப்பு வெட்டுப்பட்டுத்தான் வரும். இன்னொன்று, எங்கள் பக்கத்து நிலையங்களில் பல ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், காலையில்தான் பால் எடுக்கின்றன. குளிரூட்டும் தொட்டி இல்லாத இடத்தில் மாலைப் பாலை அடுத்த நாள்வரை வைத்திருக்க முடியாது. அதனால் பலர் மாலையில் கறப்பதே இல்லை, அல்லது கறந்ததைக் கன்றுக்கு விட்டுவிடுகிறார்கள். நாட்டுக்குப் பால் பற்றவில்லை என்று பாராளுமன்றத்தில் பேசும் அதே காலத்தில், ஒரு தொட்டியும் ஒழுங்கான மின்சாரமும் இல்லாததால் மடியிலேயே விடப்படும் பால் இது.

2021 ஐயும் 2022 ஐயும் நினைத்தால் இன்னமும் தலை சுற்றுகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். சேதனப் பசளைக்கு மாறுவது சீர்திருத்தம் என்று சொல்லப்பட்டது. தேயிலைக்கும் மரக்கறிக்கும் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 2021 இல் 299 மில்லியன் கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டில் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. ஆனால் அந்தச் சில மாதங்களில் எங்கள் பட்டிகளில் ஒரு வேடிக்கை நடந்தது. நுவரெலியாவின் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்கள் சாணி மூட்டைக்கு லொறியோடு வந்து நின்றார்கள். அதுவரை மூட்டை கட்டி ரோட்டோரத்தில் அடுக்கி வைத்தாலும் பேரம் பேசி எடுத்தவர்கள், ஈரச் சாணியையே கேட்ட விலைக்கு எடுத்தார்கள். பாலைவிடச் சாணியில் காசு அதிகம் என்று சொல்லிச் சிரித்த குடும்பங்களை நான் அறிவேன். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. உரமில்லாமல் சோளம் விளையவில்லை, சோளம் இல்லாமல் மாட்டு உணவுக் கம்பனிகள் தடுமாறின, டொலர் இல்லாததால் வெளியிலிருந்து மூலப்பொருள் வரவில்லை. மாட்டு உணவு மூட்டையின் விலை இரட்டிப்பைத் தாண்டிப் போனது. தடையை நவம்பரில் நீக்கினார்கள். வற்றிய மடி அந்த அறிவிப்பைக் கேட்டு ஊறவில்லை.

அடுத்து வந்தது முழு வீழ்ச்சி. 2021 ஒக்டோபரில் பால்மாவின் கட்டுப்பாட்டு விலையை நீக்கியதும் 400 கிராம் பக்கெட் 480 ரூபாவானது. 2022 மார்ச்சில் 790 ரூபா. ரூபாவை மிதக்கவிட்ட பின்னர் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. கொழும்பின் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 95 வீதத்தைத் தொட்டது. முன்னர் போட்ட கணக்கின்படி பார்த்தால் பால்மாவில் கரைத்த ஒரு லீற்றர் இப்போது 250 ரூபாவை நெருங்கிவிட்டது. பசும்பாலின் தலைமேல் நாற்பத்தைந்து வருடமாக இருந்த கூரை பறந்துவிட்டது. தலவாக்கலை, ஹட்டன் கடைக்காரர்கள் லயத்துக்கு வந்து போத்தலை நீட்டினார்கள். புத்தகப் பொருளாதாரத்தின்படி மலையகத்தில் பால் உற்பத்தி பொங்கியிருக்க வேண்டிய தருணம் அது. நடந்ததோ மாடு விற்பனை. தீனி வாங்க முடியவில்லை; 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானதும் பால் லொறி சில நாள் வரவே இல்லை; மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது சேகரித்த பாலும் திரிந்து கொட்டப்பட்டது. அரிசி வாங்குவதற்காகச் சினை மாட்டை விற்றவர்களும் உண்டு. நல்ல விலை கிடைக்கும் காலத்தில் மாட்டை வைத்திருக்க முடியாத நிலையை, விலை ஊக்கம் பற்றிப் பேசும் நிபுணர்கள் ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மாட்டை விடாமல் காப்பாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். நதிக்கரையோ பழைய மரக்கறித் தோட்டமோ கொஞ்சம் அனுபவித்தவர்கள், அதில் சீஓ-3 புல் நட்டிருந்தவர்கள், கடையில் வாங்கும் தீனியைப் பாதியாகக் குறைத்துச் சமாளித்தார்கள். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்தக் கலப்பு நேப்பியர் புல் ஒரு தடவை நட்டால் சில வருடம் வெட்ட வெட்ட வளரும். நல்ல எருப் போட்ட கால் ஏக்கர் இருந்தால் ஒரு பசுவை வளர்க்கலாம். அந்தக் கால் ஏக்கர் உள்ளவரின் மாடு நின்றது; இல்லாதவரின் மாடு லொறியேறியது. இருவரும் ஒரே நிலையத்தில் ஒரே விலைக்குப் பால் கொடுத்தவர்கள்தான்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு அனுமதி கொடுத்த பின்னர் நாடு ஓரளவு நிமிர்ந்தது. வரிசைகள் போயின, பணவீக்கம் இறங்கியது. இந்த நிதானத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் செலவு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைப் பால் நிலையத்தின் வாசலில் நின்று பார்க்கலாம். 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடிய மின் கட்டணம் குளிரூட்டும் தொட்டியின் பில்லில் வந்து இறங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, டீசலுக்கும் விதிக்கப்பட்டது. லொறிக் கூலி கூடியது. கம்பனி இந்தச் செலவுகளைக் கடை விலையில் கொஞ்சம் ஏற்றும், மிச்சத்தைப் பால் கொடுப்பவரின் விலையில் பிடித்துக்கொள்ளும். கடையில் விலை ஏறியதும் மக்கள் யோகட் வாங்குவதைக் குறைத்தார்கள். சேகரிப்பைக் கம்பனிகள் இறுக்கின. 2025 ஏப்ரலில் உள்நாட்டுப் பசும்பாலுக்கும் யோகட்டுக்கும் அந்த வரி நீக்கப்பட்டது நல்ல முடிவு, காலம் கடந்து வந்தாலும். ஆனாலும் விலக்கின் பலன் எவ்வளவு வாங்குபவருக்கு, எவ்வளவு கம்பனிக்கு, எவ்வளவு பட்டிக்கு என்று பங்கிடும் விதி எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. எங்கள் சங்கத்தின் பாஸ் புத்தகங்களில் அந்த மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை.

சம்பளத்தையும் மாட்டையும் தனித்தனியாகப் பார்ப்பதும் தவறு. 2021 இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக நிர்ணயித்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கொழுந்தின் நிறை அளவைக் கூட்டின. நிறை வராத நாளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டன. சம்பளம் கூடியது, முழுப் பேர் விழும் நாள் குறைந்தது. அந்த இடைவெளியை அடைத்தது பல வீடுகளில் பால் காசுதான். சம்பளத்தில் முற்பணம், கோயில் காசு, சந்தா, கடைக் கடன் எல்லாம் பிடித்துத்தான் கைக்கு வரும். பால் காசு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் வங்கிக்குப் போகும், அதில் கை வைக்கக் கணவனே கேட்டுத்தான் வாங்க வேண்டும். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கக்கூடிய ஒரே பெரிய சொத்து மாடுதான் என்று நான் சொன்னால் மிகையாகாது. ஆகவே ஒரு மாடு விற்கப்படும்போது, பிள்ளையின் படிப்பு பற்றி வீட்டில் யார் முடிவெடுப்பது என்பதும் சேர்ந்து மாறுகிறது. கொழும்புக்குக் கடை வேலைக்கோ, மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்கோ போகும் முடிவு பல வீடுகளில் பட்டி காலியான பின்னர்தான் எடுக்கப்படுகிறது.

பெரிய பண்ணைகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அம்பேவெலப் பண்ணை 2001 இல் தனியார் கைக்குப் போனது. இன்று இயந்திரத்தால் கறக்கிறார்கள், பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து பார்க்கிறார்கள், பால் தரமாக இருக்கிறது. மேய்ச்சல் நிலம் கைவசம் இருந்தால் மலையகத்தில் மாடு எப்படி நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 பசுக்களைக் கொண்டுவரும் திட்டத்தில் முதல் 5,000 வந்ததோடு நின்றுபோனது. வந்தவை பல இடங்களில் நோயுற்றும் செத்தும் போய், வாங்கியவர்களைக் கடனில் விட்டன. மில்கோவையும் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளையும் இந்தியாவின் தேசிய பால்வள அபிவிருத்திச் சபையோடு சேர்ந்து நடத்தும் யோசனை 2023 இல் வந்தபோது ஒரு சாரார் விற்கிறார்கள் என்றார்கள், மறுசாரார் மீட்கிறார்கள் என்றார்கள். இந்தியாவின் குஜராத்தில் உள்ள ஆனந்தில் 1946 இல் தொடங்கிய அமுல் பால் கூட்டுறவின் பலம், பால் கொடுப்பவரே நிறுவனத்தின் உரிமையாளர் என்பதில் இருந்தது. கூட்டுறவைக் கொண்டுவருவதற்கும், ஒரு கூட்டுறவின் பெயரைத் தாங்கிய பெரிய கொள்முதல்காரரைக் கொண்டுவருவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த விவாதத்தில் எவரும், எந்தப் பக்கத்திலும், லயத்து மாட்டுக்குப் புல் எங்கிருந்து வரும் என்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுத் திட்டங்கள்கூட இந்தக் கேள்வியைத் தவறவிட்டன. லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டி ஏழு பேர்ச் காணியை உறுதிப் பத்திரத்தோடு கொடுத்தது மலையக வரலாற்றில் பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருநூறு வருடம் வாழ்ந்த மண்ணில் ஒரு துண்டுக்காவது உறுதி வைத்திருப்பது சாதாரண விடயமல்ல. ஆனால் ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு, கழிவறை, வாசல், கொஞ்சம் கீரைப் பாத்தி போட்டால் முடிந்துவிடும். மாட்டுப்பட்டி வைத்தால் அடுத்த வீட்டுச் சன்னலுக்கு நேரே சாணி; சுகாதாரப் பரிசோதகர் வருவார், அயலவரோடு சண்டை வரும். புதிய வீட்டுக்குக் குடிபோகும் நாளில் மாட்டை விற்றுவிட்டுப் போன குடும்பங்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தொழிலாளியைக் கூலியாளாக மட்டும் நினைத்து அளந்த காணி அது. மாடு வளர்ப்பவராக நினைத்து அளந்திருந்தால் வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒரு கணக்கில் இது தீர்க்க முடியாத பிரச்சினையே அல்ல. தோட்டங்களில் கைவிடப்பட்டுக் காடாகிப்போன தேயிலை மலைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆற்றங்கரை, கான் ஓரம், செங்குத்துச் சரிவு என்று கம்பனிக்குக் கொழுந்து தராத, ஆனால் புல் நட்டால் மண்ணையும் பிடித்து நிறுத்தும் இடங்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் உண்டு. உறுதி கொடுக்கப் பயம் என்றால் குத்தகைக் காலத்துக்குள் அடங்கும் உபகுத்தகை கொடுக்கலாம். 1992 இலிருந்து கணக்கிட்டால் 2045 வரை காலம் இருக்கிறது. பதிலுக்குத் தோட்டத்துக்குச் சாணி எரு கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம், உர விலை இன்றைக்கு இருக்கும் நிலையில் அதை எந்தத் துரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நான் இதைப் பல தடவை சொல்லிப் பார்த்தேன். சம்பளம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பதே பதில். சம்பளப் பேச்சு எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

எங்கள் சங்கம் போன வருடம் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டது ஆற்றங்கரையோரமாக ஒரு ஏக்கர், அதில் மாட்டுப் புல் நட அனுமதி. மறுக்கவில்லை, அந்த இடம் குத்தகை எல்லைக்குள் வருகிறதா, ஆற்று ஒதுக்கீட்டுக்குள் வருகிறதா என்று தெரிய நில அளவையாளரின் வரைபடத்தோடு மீண்டும் விண்ணப்பிக்கும்படி பதில் வந்தது. நில அளவைக் கட்டணத்தை உறுப்பினர்களின் பால் காசில் லீற்றருக்கு இரண்டு ரூபா வீதம் பிடிப்பது என்று கடைசிக் கூட்டத்தில் தீர்மானித்தோம். மாட்டை விற்றுவிட்ட நாலைந்து பேர், பால் கொடுக்காவிட்டாலும் தாங்களும் பங்கு போடுவதாகச் சொல்லிப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். புல் வந்தால் மறுபடி ஒரு கன்று எடுப்பார்களாம். கூட்டக் குறிப்பில் அவர்களுடைய பெயர்களையும் உறுப்பினர் பட்டியலுக்குக் கீழே தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.